இரண்டாவது டிஸ்க்

சர்வர் அறையில் அவனுக்கு டெய்லர் என்று பெயர். ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. பித்தான் போனால் சட்டையையே மாற்றிவிடுகிற ஆள். ஆனாலும் பெயர் பொருத்தமாகத்தான் விழுந்திருந்தது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஏசி இரைச்சலில் காது மரத்துப்போகும் அறையில், அடுக்கடுக்காக நின்ற சர்வர்களுக்கெல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது அவன் பொறுப்பு. முன்பெல்லாம் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் உட்கார்ந்து, அது கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தட்டி மாரடிக்க வேண்டியிருந்தது. பிறகு அதற்கென்றே ஒரு மென்பொருள் வந்தது. செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி வைத்துவிட்டால் போதும்: மெஷினை எழுப்பு, டிஸ்கைத் துடை, புது சிஸ்டத்தைப் போடு, பெயர் வை, நெட்வொர்க்கில் சேர், மறுபடி எழுப்பு. இந்த வரிசையை ஜாப் என்பார்கள். ஜாபை ஏவிவிட்டு மனுஷன் வீட்டுக்குப் போய்விடலாம். மெஷின் தன் பாட்டுக்கு முடித்துவிட்டு நிற்கும்.

மென்பொருளோடு வந்த ஜாப் ரெடிமேட் சட்டை மாதிரி. எல்லோருக்கும் ஏதோ பொருந்தும், யாருக்கும் சரியாகப் பொருந்தாது. எக்ஸ்ரே பிரிவு மெஷினுக்கு ஓர் அளவு, மருந்தகத்து மெஷினுக்கு வேறு அளவு. அதை வெட்டி, நீட்டி, பிடித்துத் தைத்துக் கொடுப்பதில் இவனை மிஞ்ச ஆளில்லை. சாதாரணமாக அழித்த டிஸ்கிலிருந்து பழைய விவரங்களைத் தோண்டி எடுத்துவிடலாம் என்பதால், டிஸ்கின் மூலை முடுக்கெல்லாம் வெறும் பூஜ்யத்தால் நிரப்புகிற ஒரு படியையும் அவனே எழுதிச் சேர்த்திருந்தான். நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாதே. மேலாளர் அதைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லிப் பாராட்டினார். இவனும் இரண்டு நாள் கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தான்.

அவன் தங்கை அதே ஆஸ்பத்திரியின் மேல்தளத்தில் இருந்தாள். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குப் பேசப் பழக்குவது அவள் வேலை. அதிலேயே முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தாள். ஒவ்வொரு நோயாளியும் வந்த முதல் நாளிலிருந்து தேறி வீட்டுக்குப் போகும் வரை, வாரா வாரம் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்வாள். போன பேச்சு எந்த ஒலியிலிருந்து திரும்புகிறது, எந்தச் சொல் முதலில் வருகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஒரு பஸ் டிரைவர் இருந்தார். என்ன கேட்டாலும் "நாளைக்கு" என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. பேர் என்ன என்றால் நாளைக்கு, பசிக்கிறதா என்றால் நாளைக்கு. அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து அவர் மெல்ல மெல்ல வெளியே வந்ததை அவள் ஒரு வாரம்கூட விடாமல் பிடித்து வைத்திருந்தாள். இப்போது அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்குத்தான் வைத்தியம் தேவை என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தக் குரல்களையெல்லாம் எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். நோயாளியின் குரல், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆஸ்பத்திரி சர்வரில் இடம் வேண்டுமென்றால் ஒரு குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். குழு கூடும், ஒத்திவைக்கும், மறுபடி கூடும். அவள் முகம் வாடுவதைப் பார்த்த அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. மூலையில் கேட்பாரற்று ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய சர்வரில் இரண்டாவது டிஸ்க் காலியாகக் கிடந்தது. அதை அவளுக்குத் திறந்துவிட்டான். யாரிடமும் கேட்கவில்லை, எங்கும் பதியவில்லை. ஓய்வு கொடுக்கப்போகிற மெஷின் என்பதால் தினசரி நகல் எடுக்கும் ஏற்பாட்டிலும் அது கிடையாது. சேர்த்துவிடலாம் என்று பலமுறை நினைத்தான். நினைத்ததோடு சரி.

பிறகு, எல்லாப் பழைய சர்வர்களுக்கும் புது சிஸ்டம் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூலையிலிருந்த அந்த மெஷினும் அதில் அடக்கம். இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று மேலாளர் முடிவு செய்திருந்தார். விஷயத்தைத் தங்கையிடம் சொன்னபோது, அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அண்ணா, எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கட்டுமா?"

"நான் இருக்கேன்ல," என்றான்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் அந்த ஒரு வார்த்தை செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. அப்பா போன பிறகு அம்மாவும் எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்வாள், அண்ணன் இருக்கான்ல என்று.

அந்த வாரம் முழுக்க அவன் ஜாப் தைத்துக்கொண்டிருந்தான். சில மெஷின்களில் ஒரு டிஸ்கைத் துடைத்து மற்றதை அப்படியே விட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் எந்த டிஸ்க் என்பதைப் பிசகில்லாமல் சொல்ல ஒரு வழி உண்டு. ஒவ்வொரு டிஸ்குக்கும் தொழிற்சாலையிலேயே ஓர் எண் பொறித்திருப்பார்கள். உலகத்தில் அந்த எண்ணில் வேறு டிஸ்க் கிடையாது. அதை ஜாபில் எழுதிவிட்டால் தவறவே தவறாது. மருந்தகத்து மெஷினுக்கு அப்படித்தான் எழுதினான். எக்ஸ்ரே மெஷினுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்து மெஷினுக்கும் அதே. ஒவ்வொன்றின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, கைவிளக்கை அடித்து, பொடி எழுத்தைப் படித்து, இன்னொரு முறை சரிபார்த்தான்.

மூலை மெஷினுக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. குந்திக் குந்தி முழங்கால் வேறு பிடித்துக்கொண்டிருந்தது. இது நம்ம தங்கச்சி வேலைதானே, இதற்குப் போய் யார் கணக்கு கேட்கப்போகிறார்கள் என்று தோன்றியது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, முதல் டிஸ்கைத் துடைத்து சிஸ்டத்தைப் போடு, இரண்டாவதைத் தொடாதே என்று எழுதிச் சேமித்துவிட்டுச் சாப்பிடப் போனான். பழைய சிஸ்டம் அந்த மெஷினில் எந்த டிஸ்கை முதல் என்றதோ, அதையே புதுசும் முதல் என்று சொல்லும் என்று நம்பிவிட்டான். இந்தத் தொழிலில் நேற்று சேர்ந்தவன்கூட அப்படி நம்ப மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜாப்களை வரிசையாக ஏவிவிட்டு வீட்டுக்கு வந்தான். சாயங்காலம் போனில் பார்த்தபோது, பிசகில்லாமல் முடிந்ததற்கு அடையாளமாக எல்லாமே பச்சை. மூலை மெஷினும் பச்சை. அம்மாவிடம் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, கால் நீட்டிப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை தங்கை போன் செய்தாள். குரலில் பதற்றம் இல்லை. அண்ணா, என் ஃபோல்டர் தெரியலை, புதுசுல எங்கே போய்ப் பார்க்கணும் என்று வழி கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். இதோ பார்க்கிறேன் என்று இவனும் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மூலை மெஷினுக்குள் போனான்.

புது சிஸ்டம் டிஸ்குகளை எதிர்த்திசையிலிருந்து எண்ணியிருந்தது. பழைய சிஸ்டம் முதல் என்றதை இது இரண்டாவது என்றது. இரண்டாவது என்றதை முதல் என்றது. ஜாப் சொன்னபடி கேட்கும் பிள்ளை. முதல் என்று தான் கண்டதை மூலை முடுக்கு விடாமல் துடைத்து, அதன்மேல் புது சிஸ்டத்தைப் போட்டிருந்தது. இரண்டாவது என்று கண்டதைத் தொடவே இல்லை. யாருக்கும் வேண்டாத பழைய சிஸ்டம் அதில் ஒரு கீறல் விழாமல் அப்படியே பத்திரமாக இருந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழிந்ததை மீட்டுத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், போன் போட்டால் வருவார்கள். ஆனால் அந்தத் துடைக்கும் படியை எழுதியதே அவன்தான். அதற்குப் பிறகு மீட்க ஒன்றுமில்லை என்பது அவனைவிட வேறு யாருக்குத் தெரியும்? மாடிப்படி ஏறித் தங்கையிடம் போனான். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை என்பது ஒன்று, நேரில் திட்டு வாங்க வேண்டும் என்பது இன்னொன்று.

அவள் திட்டவில்லை. கேட்டாள், புரிந்துகொண்டாள், சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி பதிவு செய்தால் ஆகாதா என்று அவன் கேட்டது மடத்தனம், கேட்ட வாயை மூடுவதற்குள் அவனுக்கே தெரிந்துவிட்டது. தேறிய ஆட்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவை பேச்சை இழந்து காட்டுங்கள் என்று சொல்ல முடியுமா?

"டிரைவர் இப்ப நல்லாப் பேசறாருண்ணா," என்றாள். "அதான் கஷ்டம்."

வாசலில் ஒரு நோயாளியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்டார்கள். அவள் எழுந்து போய் உள்ளே கூப்பிட்டாள். அண்ணன் கீழே வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் அவனிடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டில் அம்மாவிடமும் மூச்சு விடவில்லை. அவன்தான் சோறு இறங்காமல் கிடந்தான். ஆராய்ச்சிக்கான உதவித்தொகையை நீட்டிப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள் என்ற செய்தி வேறு அவன் காதுக்கு வந்தது. அவளுடைய பேராசிரியை கறாரானவர். ஒரே ஒரு நகலை வைத்துக்கொண்டிருந்த அலட்சியத்தை அவர் மன்னிக்கமாட்டார் என்று மேல்தளத்தில் பேசிக்கொண்டார்கள். தப்பு அவளுடையது இல்லையே, இதை நான் போய்ச் சொன்னால் சரியாகிவிடும் என்று அவனுக்குப் பட்டது. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, மேல்தளத்திலேயே இருந்த பேராசிரியையின் அறைக்குப் போனான்.

அவர் உட்காரச் சொன்னார். அவன் ஒத்திகை பார்த்து வந்ததை ஒப்பித்தான். சர்வர், ஜாப், முதல் டிஸ்க், இரண்டாவது டிஸ்க், எண்ணும் வரிசை மாறியது என்று ஒன்று விடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அந்தக் கறாரான முகம் இளகிக்கொண்டே வந்தது. இவனுக்கு நம்பிக்கை பிறந்தது. கடைசியில் அவர் புன்னகையே செய்துவிட்டார்.

"உங்க தங்கச்சி இதை முன்னாடியே சொல்லிட்டாங்க," என்றார். "எங்கண்ணன் கண்டிப்பா வந்து நான்தான் பண்ணினேன்னு சொல்வாரு, நம்பிடாதீங்க மேடம்னு."

தன் மேஜைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்ததாகவும், கை தவறித் தானே அழித்துவிட்டதாகவும் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். இல்லை மேடம், உண்மையிலேயே நான்தான் என்று அவன் மறுபடி ஆரம்பித்தான். குரல் கொஞ்சம் உடைந்தது, அது இன்னும் வினையாகப் போயிற்று. அண்ணன்னா இப்படித்தான் இருக்கணும் என்று அவர் மனசாரச் சொன்னார். உதவித்தொகையை நீட்டிக்கப்போவதில்லை, வேலை பார்த்துக்கொண்டே வேண்டுமானால் முதலிலிருந்து ஆரம்பிக்கட்டும், அதற்கு நான் உதவுகிறேன் என்றும் சொன்னார்.

ஜாப் ஓடிய விவரமெல்லாம் அவன் சட்டைப்பையில் இருந்த போனில் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் நம்பியிருப்பார். காட்டினால் தங்கை பொய் சொன்னவளாவாள், அனுமதியில்லாத இடத்தில் நோயாளிகளின் குரலை வைத்த குற்றமும் அவள்மேல் விழும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நியாயமான காரணங்கள்தான். ஆனால் வேலை போய்விடுமே என்ற பயமும் அதற்குள் உட்கார்ந்திருந்தது. பையில் கை வைத்தவன் கையை வெறுமனே எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். கதவுவரை வந்து வழியனுப்பினார் பேராசிரியை. இத்தனை மரியாதை அவனுக்கு அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை கிடைத்ததில்லை.

தங்கை தாழ்வாரத்துக் கோடியில் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தாள். அவன் எங்கே போய்விட்டு வருகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏம்மா அப்படி எழுதிக் கொடுத்தே என்று கேட்டான். ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போகணுமா, ஒருத்தருக்குப் போனாப் போதாதா என்றாள். கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை வைதிருந்தால் ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்ணா," என்றாள் பிறகு. "அன்னைக்கு மத்த மெஷினுக்கெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே. என்னோடது மட்டும் ஏன் இப்படி ஆச்சு?"

பழைய மெஷின், அதன் கிரகம் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளுக்கு இந்தச் சங்கதியெல்லாம் தெரியாது, சொன்னால் தலையாட்டியிருப்பாள். அவனுக்கும் அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"மத்ததுக்கெல்லாம் டிஸ்க் நம்பரைப் பார்த்து எழுதினேன். கீழ உக்காந்து, விளக்கு அடிச்சு, ரெண்டு தடவை பார்த்து எழுதினேன்," என்றான். "உன்னோடதுக்குப் பார்க்கலை. நம்ம வீட்டு வேலைதானேன்னு விட்டுட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். சொன்ன நாளிலிருந்து அழாத கண் அப்போதுதான் நிறைந்தது. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொள்ள நினைத்தான், முடியவில்லை.

முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னாள். புதிதாக வந்திருக்கிற நோயாளிகளிடம் கேட்டிருப்பதாகவும், சர்வரில் இடத்துக்குக் குழுவிடம் முறைப்படி விண்ணப்பித்துவிட்டதாகவும், எவ்வளவு தாமதமானாலும் காத்திருக்கப்போவதாகவும் சொன்னாள். அனுமதி கிடைத்துவிட்டால் மெஷினைத் தயார்செய்யும் வேலை சுற்றி வளைத்துக் கீழ்த்தளத்துக்குத்தான் வரும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"உன் கைக்குத்தான் வரும்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தங்கச்சியோடதுன்னு நினைக்காதேண்ணா. ஆஸ்பத்திரியோடதுன்னு நினைச்சுப் பண்ணு."

சரி என்று சொல்ல வாயெடுத்தான். சத்தம் வரவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. உள்ளே நோயாளி காத்திருந்தார், போய்விட்டாள்.