சத்தம் போடாத வீடு

கதவுக்குப் பின்னால் மகள் நின்றிருந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. கூடத்தில் தன் கணவனின் உடலைக் கிடத்தியிருக்கிறது; மகளோ சுவரோடு ஒட்டிக்கொண்டு போனை அழுத்திக்கொண்டிருக்கிறாள். அதுவும் அம்மாவின் போனை.

“என் போன்ல உனக்கென்னடி வேலை?”

“அப்பாவோட பேக்கரிக்குச் சொல்லியாச்சான்னு பாத்தேன்.” முகம் பார்க்காமல் நீட்டினாள்.

வீட்டில் மகளுக்கு வாயாடி என்று பெயர். பதினாறு வயதில் அந்த வாய் எப்படியோ விரலுக்கு இறங்கிவிட்டது.

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அப்பன் இப்படிக் கிடக்கான், பொண்ணு தட்டிட்டு நிக்கிறா. எவன்கிட்டயோ?”

“சும்மா இருங்க அண்ணி.”

சொல்லிவிட்டாளே தவிர, அந்த ‘எவன்’ செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது. நேற்றிலிருந்து அவள் தன் போனைத் தொடவேயில்லை. மகள் அதை நீட்டியபோது திரையில் ‘அழிக்கப்பட்டது’ என்று மின்னி மறைந்தது; வாயாடி எதையோ அழித்திருக்கிறாள். எவனாவது அம்மா நம்பருக்கே எழுதும் அளவுக்குத் துணிந்துவிட்டானா?

“பக்கத்து ரூம்லதானே தைச்சிட்டிருந்த?” நாத்தனார் மறுபடி தொடங்கினாள். “என் தம்பி ஒரு குரல்கூடவா கொடுக்கல?”

“கொடுக்கலையே அண்ணி. கூப்பிட்டிருந்தா ஓடியிருக்க மாட்டேனா?”

காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் இதையேதான் சொல்கிறாள். சொல்லும்போதெல்லாம் மகள் தலை நிமிர்ந்து ஒரு மாதிரி பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள். அந்தப் பார்வையும் சரியில்லை.

குரல் கொடுக்கிற வீடில்லை இது. இரவெல்லாம் பேக்கரி அடுப்பில் வெந்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் அவன். தையல் மெஷின் ஓடினால் தாலாட்டுப்போலத் தூங்குவான்; மனிதக் குரல் கேட்டால் விழித்துக்கொள்வான். அதனால் அவள்தான் சட்டம் போட்டாள்: “யாரும் கத்தக் கூடாது. எதுன்னாலும் போன்ல போடுங்க.” சாப்பாடு தயார், கதவைச் சாத்து, கண்ணாடி எங்கே, எல்லாம் எழுத்தில்தான். அடுத்த அறைக்கும் அப்படித்தான். அவனும் அதற்கே பழகிப்போனான்.

வண்டி அவனை ஏற்றிக்கொண்டு போய், ஆண்கள் திரும்பி, உறவு கலைந்து, நாத்தனாரும் கிளம்பியபோது சாயங்காலமாகிவிட்டது. படுக்கையை உதறப் போனவள் தலையணைக்கடியில் அவன் போனைக் கண்டாள். ஓரத்தில் மாவு படிந்திருந்தது. பூட்டுப் போடத் தெரியாத மனிதன்.

அந்த ‘எவனை’ப் பற்றி அப்பனுக்குத் தெரிந்திருக்கும். இருவரும் ஒரே கட்சி. அவள் மகளின் பக்கத்தைத் தேடித் திறந்தாள்.

‘அப்பா, நாளைக்கு ரெண்டு பன்.’

‘உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் அடி.’

‘அடி வாங்கிக்கோங்க. பன் முக்கியம்.’

வேறு எவனும் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான், பெயர்ப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே தன் பெயர் இருப்பதைப் பார்த்துத் திறந்தாள்.

‘கொஞ்சம் வா.’

‘மெஷினை நிறுத்து.’

‘வா’

நேற்று மத்தியானம். மகள் பள்ளிவிட்டு வந்து அவனைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது. அவள் போன் துணிக் குவியலுக்கடியில் கிடந்தபோது.

மூன்றிலும் படித்ததற்கான நீலக் குறி. அவள் படிக்கவில்லை.

தன் போனை எடுத்தாள். அவனுடைய பக்கம், நேற்றுக் காலை அவளே அனுப்பிய ‘சாப்பாடு மேசைல இருக்கு’ என்பதோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. துடைத்துவிட்ட இடம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

“என்னம்மா பாக்கற?” வாசலில் வாயாடி. கண் அப்பாவின் போன்மேல் நிலைகுத்தியிருந்தது.

“ஒண்ணுமில்ல. சார்ஜ் இருக்கான்னு பாத்தேன்.”

“திறந்து பாத்தியா?”

“எனக்கு எங்கடி அதெல்லாம் திறக்கத் தெரியும்?”

மகள் நம்பினாளா என்று தெரியவில்லை. திரும்பிச் சமையலறைக்குப் போனாள்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் இரண்டு போன்கள். ஒன்று அதிர்ந்தது.

‘சாப்பிட வா.’

பதில் எழுதத் தொடங்கினாள். இரண்டெழுத்து அடித்து அழித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

“வரேன்டி!”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே திடுக்கென்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு, படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.