மூன்றாம் மாடி அணியும் ஒரு பட்டப்பெயரும்

"'மாமியார் வந்த உடனே கொல்லணும்'னு எழுதியிருக்கே, இது யார் கையெழுத்து?"

"அத்தை, அது சீட்டு!"

"சீட்டுன்னு தெரியுது. சீட்டுல என்ன எழுதியிருக்குன்னுதான் கேக்குறேன்!"

"ஐயோ, இந்தச் சீட்டு இல்ல அத்தை, விளையாடுற சீட்டு!"

"கீழ பாரு. 'நமக்கு மூணு மாமியார் எதுக்கு, ரெண்டு போதும்.' இதுவும் விளையாட்டா? ஒருத்தியை வச்சே உனக்குத் தாங்கல, ரெண்டு கேக்குதா?"

நான் அப்போது எதிர்வீட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். காலில்தான் இருந்தது. அதற்காகத் தேடக் கூடாதா?

மருமகள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஊரார் வாய்க்கெல்லாம் அளவெடுத்தவளுக்கு அன்றைக்கு வாயே எழும்பவில்லை. அவள் கணவனோ, சண்டை என்றால் சட்டையைத் தேய்க்கப் போய்விடும் ஜாதி. அன்று ஒன்பது சட்டை தேய்ந்தது.

விஷயம் இதுதான். நாலு வருடத்துக்கு முன் மருமகள் எங்கள் கட்டிட லிஃப்டில், நாங்கள் இருக்கும் மூன்றாம் மாடிக்குச் சற்றுக் கீழே மாட்டிக்கொண்டாள். சரிசெய்ய வந்த லிஃப்ட் மெக்கானிக், கதவிடுக்கு வழியாக அவள் கையிலிருந்த சீட்டுப் பெட்டியைப் பார்த்துவிட்டான். அவனும் அதே பைத்தியம். பத்து நிமிட வேலை நாற்பது நிமிடம் ஆனது. வெளியே வந்தபோது ஓர் அணியே பிறந்திருந்தது. மூன்றாவது ஆளாக ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் சேர்ந்தார். ஒரு சீட்டு இறக்க ஒரு யுகம் யோசிப்பார், அதனால் அவருக்குப் 'பிரேக்கு' என்று பெயர். அணியின் பெயர் 'மூன்றாம் மாடி'.

இது நமக்குத் தெரிந்த ராஜா ராணிச் சீட்டு இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம், ஒரு சக்தி. கடையில் பொட்டலமாக வாங்கி, பிரித்து, மாற்றிக்கொண்டு, ஆளுக்கு அறுபது சீட்டில் ஒரு கட்டு சேர்க்க வேண்டும். அணிப்போட்டியில் மூவர் வரிசையாக உட்கார்ந்து எதிரணி மூவரோடு ஆடுவார்கள். இரண்டு பேர் ஜெயித்தால் அணி ஜெயித்தது. சீட்டில் அச்சிட்ட பெயர்களைச் சொன்னால் நாக்கு சுளுக்கும், ஆகவே இவர்களாகப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். இரும்புக் கவசம் போட்ட ஒரு ராணி உண்டு. அவள் மேசையில் உட்கார்ந்துவிட்டால் எதிராளி ஒரு முறைக்கு ஒரு வேலைதான் செய்ய முடியும். சுலபத்தில் எழுந்தும் போக மாட்டாள்; எதிராளி இறக்கினால் வந்த உடனே கொன்றுவிட வேண்டும். அவளுக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தவன் மெக்கானிக். கல்யாணம் ஆகாதவனுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்ததோ.

"அக்கா, இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான்," என்று அவன் சொல்லியிருந்தான். மாதக் கடைசியில் அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். தேசிய இறுதிச்சுற்றுக்குப் போக வேண்டும் என்பது மருமகளின் நாலு வருட ஏக்கம். மூன்று தடவை தகுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் கோட்டை விட்டவர்கள். இந்த மூவர் சேர்ந்து போக இனி ஒரே வாய்ப்பு. அந்த நேரம் பார்த்துத்தான் இந்தச் சண்டை.

கடைசியில் மாமியார் தீர்ப்புச் சொன்னார்: "விளையாடு, வேணாங்கல. அந்தப் பேரு மட்டும் இனிமே யார் வாயிலயும் வரக்கூடாது. போட்டிக்கும் நான் வருவேன்."

புதுப் பெயர் தேடினார்கள். நாத்தனார் என்றான் மெக்கானிக். "எனக்கு நிஜமாவே ஒருத்தி இருக்கா, சும்மா இரு," என்றாள் மருமகள். கடைசியில் 'மேனேஜர்' என்று முடிவானது. தானும் வேலை செய்யாமல் அடுத்தவரையும் செய்யவிடாதவர். பிரேக்கு அன்று பள்ளிச் சுற்றுலாவுக்கு வண்டி ஓட்டப் போயிருந்தார். அவருக்கு மெக்கானிக் சொல்லியிருப்பான் என்று இவள் நினைத்தாள். இவள் சொல்லியிருப்பாள் என்று அவன் நினைத்தான்.

அடுத்த மூன்று வாரமும் பிரேக்குக்குச் சுற்றுலா மேல் சுற்றுலா; மற்ற இருவர் மட்டும் பயிற்சி செய்ய, மாமியார் சோபாவில் காவல் இருந்தார். காவல் இருந்தவர் ஆட்டத்தையும் கற்றுக்கொண்டார் என்பது யாருக்கும் தெரியவில்லை, என்னைத் தவிர.

போட்டிக்கு, துணைக்கு வருகிறீர்களா என்று என்னையும் கேட்டார். இரண்டாம் தடவை கேட்க விடவில்லை நான்.

நாலு சுற்று ஜெயித்தார்கள். கடைசிச் சுற்றில் மருமகள் ஜெயித்தாள், மெக்கானிக் தோற்றான். எல்லாம் பிரேக்கின் மேசைக்கு வந்து நின்றது. அணியினர் வாயால் சொல்லலாம், சீட்டைத் தொடக் கூடாது, விரலும் நீட்டக் கூடாது. பின்னால் மாமியார் உட்கார்ந்திருந்தார். மருமகள் மெல்லச் சொன்னாள்: "அண்ணே, மேனேஜரை இறக்குங்க."

பிரேக்கு கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தார். ஒன்றில் கோட்டுப் போட்ட தொந்தி பூதம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. இதுதான் மேனேஜர் என்று அதை உருவினார்.

"அது இல்லப்பா! மாமியாரை இறக்கு, மாமியாரை!"

அரங்கமே திரும்பியது. கத்தியது மாமியார்.

பிரேக்கு சரியான சீட்டைப் போட்டுவிட்டார். ஆனால் நடுவர் கை தூக்கிவிட்டாள். கறுப்புச் சட்டை போட்ட சின்னப் பெண். "வெளியாள் யோசனை சொன்னா அந்த ஆட்டம் போச்சுங்க."

"யார் வெளியாளு? அது என் மருமக!"

"அணிப் பட்டியல்ல உங்க பேரு இல்லீங்களே அம்மா."

மெக்கானிக் நடுவரிடம் அரை மணி நேரம் வாதாடினான். பலனில்லை. மருமகள் அழவில்லை. அறுபது சீட்டையும் எண்ணிப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

திரும்பும் பேருந்தில் அவளே கேட்டாள்: "அத்தை, அதைத்தான் இறக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எதிர்ல இருந்தவன் ஒரே மூச்சுல நாலு வேலை பாத்துட்டிருந்தான். வேற யாரு போய் அவனை நிறுத்துறது?" என்றவர், கைப்பை வாரைச் சுருட்டிக்கொண்டே, "நாலு வருஷத்தை ஒரு வாயில கெடுத்துட்டேன்," என்றார்.

"நீங்க சொன்னது சரியான சீட்டு அத்தை," என்றாள் மருமகள், அவர் கைப்பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு.

மாதக் கடைசியில் மெக்கானிக் மாற்றலாகிப் போனான். அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டான், அந்த நடுவரைத்தான். அரை மணி நேரம் சட்டம் மட்டும் பேசவில்லை என்று அப்போதே எனக்குச் சந்தேகம். பிரேக்கு, மனைவி ஊரில் சொந்த வண்டி வாங்கிப் போய்விட்டார். மருமகளுக்கு வேறு ஊரில் பெரிய பல் கூடத்தில் வேலை கிடைத்து, கணவனையும் தேய்ப்புப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு போனாள். மாமியார், தன் பெண்ணை மூன்றாம் மாடியிலேயே குடிவைத்து இங்கேயே தங்கிவிட்டார். புது ஊரில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போன மாதம் மருமகள் இறுதிச்சுற்றுக்குப் போனாள். பதினோராவது இடம். போன் வந்த கையோடு மாமியார் கீழ்மாடி வரை இறங்கி எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டார், எனக்கு முன்னால். அதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.