கையெழுத்துப் போட்டவர் நிற்க வேண்டும்

"குடித்துவிட்டு ஏறியதால் சாரத்திலிருந்து தவறி விழுந்தார்" என்று பெயிண்டர் படித்ததும் அவள் பெருக்குவதை நிறுத்தினாள்.

"யாருப்பா அது?"

பெயிண்டர் தாளைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுக்காரர்தான் அக்கா. தலைவர் சொன்னபடி எழுதியிருக்கேன்."

கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்கு ஐம்பது வயதாகிறது. வரலாறு புத்தகமாக வருகிறது. பெயர்ப்பலகை எழுதுகிற கைக்கு இதுவும் வரும் என்று பெயிண்டர் தலையில் கட்டிவிட்டார்கள். தலைவருக்கு, சுவர் சாய்கிறதா என்று பார்க்கும் கருவியை வைத்து, ரசமட்டம் என்று பட்டப்பெயர். கொத்தனாராக இருந்த நாளிலிருந்தே எந்தப் பக்கமும் சாயாத ஆளாம். சாய்ந்த பக்கம் எது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் கணவன் சாரம் கட்டுகிறவன். அவன் விழுந்து செத்தபோது, விசாரணைக்கு வந்தவர்களிடம் "குடிச்சிருந்தான்" என்று சொன்னது அன்றைய செயலாளரான இந்த ரசமட்டம்தான். பிறகு இரக்கப்பட்டு, அவளைச் சங்க அலுவலகம் பெருக்க வைத்தார். கூரை ஒழுகிய ஒரு மழைக்காலத்தில், நனைந்த பழைய தீர்மான நோட்டுகளைக் கொளுத்தச் சொல்லி அவளிடமே கொடுத்தார். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்தது அவருக்குத் தெரியாது. ஒரு நோட்டு மட்டும் தீக்குப் போகாமல் அவள் டிரங்குப் பெட்டிக்குப் போனது.

ஆண்டுக் கூட்டத்தன்று காலையில் அதைப் பெயிண்டர் மடியில் வைத்தாள். படித்தவருக்கு முகம் செத்துவிட்டது.

"இத்தன வருஷமா ஏங்க்கா வாயத் தொறக்கல?"

"தனியா கேட்டிருந்தா கால்ல விழுந்து நோட்ட வாங்கிக் கிழிச்சிருப்பான். கூட்டத்துல படிச்சா நிப்பான். பழசப் படிக்க இப்பத்தான் ஆள் வந்திருக்கு."

"இதப் படிச்சா சங்கம் ரெண்டாயிடும்."

"நீ படி தம்பி. ரெண்டா மூணான்னு நான் எண்ணிக்கிறேன்."

பாதிப்பேர் கைநாட்டாக இருந்த காலத்து வழக்கம் ஒன்று சங்கத்தில் உண்டு. பழைய தீர்மானத்தைப் படிக்கும்போது, கையெழுத்துப் போட்டவர் எழுந்து, முடியும்வரை நிற்க வேண்டும். அது யாருடைய வாக்கு என்று கூடம் பார்க்க வேண்டுமல்லவா.

அன்று கூட்டத்தில் சங்க வரலாற்றைப் படிக்க வந்த பெயிண்டர், நோட்டைப் பிரித்துத் தேதியைச் சொல்லி, "கையெழுத்து, செயலாளர்" என்றதும், மேடையில் ரசமட்டம் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"கிழக்குப் பக்கச் சாரத்தில் கழிகள் இற்றுவிட்டதாகவும் ஏற முடியாதென்றும் சாரக்காரர் முறையிட்டார். நானே பார்த்தேன், பலமாகவே இருக்கிறது. ஏற மறுத்தால் அவர் சங்கத்திலிருந்து நீக்கப்படுவார்."

அவன் விழுந்ததற்கு நான்கு நாள் முந்தைய தேதி.

ரசமட்டத்தின் கை நாற்காலியின் முதுகைத் தேடியது.

"உக்காராதீங்க தலைவரே" என்றார் முன்வரிசை பிளம்பர். "கீழ இன்னும் ஏதோ இருக்கு போல."

"பின்னால சரியா காதுல விழலப்பா" என்றாள் அவள் வாசலருகிலிருந்து. "மொதல்லேருந்து படி. நிதானமா."

உட்காரப் போன ரசமட்டத்தின் பாதி மடங்கிய முழங்கால்கள் மறுபடி நிமிர்ந்தன. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அடுக்கியிருந்ததில் ஒரு நாற்காலியை உருவி, அந்தக் கூடத்தில் முதன்முறையாக உட்கார்ந்தாள்.