குருநாதன் வழியாக மார்க்கெட்டுக்கு

"உங்க தம்பி தலைக்குள்ள ஒரு லைட்டு கூட இல்ல ஹேமாக்கா. நேத்து கால் தடுக்கி அத்தனை தக்காளியும் உருண்டு போச்சு. பாதைன்னு இருந்தா பாதை மாதிரி வச்சிருக்க வேண்டாமா?"

இது கீழ் வீட்டுச் செண்பகவல்லி. காம்பவுண்டு வாசலில் நின்று நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். நானும் விடவில்லை. உன்னை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை, அது என் தம்பியின் தலை, பொது வழி இல்லை, ரயில்வே கேட் திறக்கிற வரைக்கும் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் தக்காளிக்கு அழக்கூடாது என்றேன். அவள் விறுக்கென்று போய்விட்டாள்.

குருநாதன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பிடரிப் பக்கம் நுழைந்து நெற்றிப் பக்கம் வெளியே வந்தால் காய்கறி மார்க்கெட். கேட்டில் நிற்க வேண்டியதில்லை. யார் வந்தாலும் அவன் தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுப்பான்.

முன்பெல்லாம் அப்படி ஒரு வழியே கிடையாது. எல்லோர் தலையிலும் பின்பக்கம் பயம் இருக்கிறது, முன்பக்கம் நிதானம் இருக்கிறது, நடுவில் போக வர ஒரு தடம் இருக்கிறது. இவனுக்கு மனச்சிதைவு வந்தபோது அந்தத் தடத்தில் கருவேலம் மண்டிவிட்டது. ஐ.டி.ஐ.யில் பையன்களுக்கு வயரிங் பாடம் நடத்தியவன், குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். நமக்கு அது விசில். அவனுக்கு, 'குருநாதன் திருடன்' என்று தெருவுக்கே அறிவிப்பு. நான் குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுப் பானையில் சோறு வடித்தேன். மற்ற மூன்று வீட்டுக் குக்கர்களை என்ன செய்வது? மத்தியானமானால் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

டாக்டரின் மாத்திரை உள்ளே தேங்கிக் கிடந்த தண்ணீரை வடித்தது. அது வடிந்த பிறகு உளவியல் சிகிச்சைக்குப் பெனிட்டா வந்தாள். கறாரான பெண், நல்ல பருத்திச் சேலை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதல் நாளே அவனிடம் கேட்டாள். எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

செவ்வாய்க்கிழமைகளில் அவளும் அவனும் பின்பக்கம் போவார்கள். அன்றைக்கு விசில் சொன்னதை எடுத்துக்கொண்டு, முள்ளை விலக்கி முன்பக்கம் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். விசில் இப்படிச் சொன்னபோது தெருவில் யார் திரும்பிப் பார்த்தார்கள், அது வேறு என்னவாக இருக்கலாம் என்று அவள் கேட்பாள். அவன் யோசித்துச் சொல்வான். பிறகு திரும்பிப் போய் அடுத்ததை எடுத்து வருவார்கள். நடக்க நடக்கத் தடம் விழுந்தது. விழுந்த தடத்தை முதலில் கண்டுபிடித்தவள் செண்பகவல்லி. கையில் காய்கறிப் பை வேறு.

எங்கள் சண்டைக்குப் பிறகு காம்பவுண்டே வீம்பாக ரயில்வே கேட் வழியாகப் போனது. குருநாதன் நாற்காலியில் குனிந்தபடியே காத்திருந்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை பெனிட்டா கையெல்லாம் முள் கீறலோடு வெளியே வந்தாள்.

"நான் ஒருத்தி வாரத்துக்கு ஒரு நாள் நடந்தா பத்தாது மேடம். ஆள் நடமாட்டம் வேணும்," என்றாள்.

அன்று மத்தியானம் அவன் தட்டைக்கூட எடுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்தான். நான் குனிந்து பார்த்தேன். "மூடுது அக்கா," என்றான்.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனேன். செண்பகவல்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பொது வழி இல்லன்னு நீங்கதானக்கா சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப வாங்கன்னு சொல்றேன். வந்து நட."

"லைட்டு?"

"போடுறோம்."

லைட்டைக் குருநாதனே போட்டான். எலெக்ட்ரீசியனைக் கூப்பிடட்டுமா என்று கேட்ட என் கணவரை அவன் ஒரு பார்வை பார்த்தான். ஏணியும் ஒயரும் எடுத்துக்கொண்டு தன் தலைக்குள் தானே போனான். சாயங்காலம் நெற்றிப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். சுத்தமான வேலை. ஒயர் ஒன்றுகூடத் தொங்கவில்லை.

மறுநாள் காலையில் எல்லோரையும் நான்தான் உள்ளே அனுப்பினேன். கான்வென்டில் எங்களைப் பிரேயருக்கு அனுப்புகிற மாதிரி வரிசையாக, இடது ஓரமாக, பேசாமல். செண்பகவல்லி மட்டும் பேசிக்கொண்டே போனாள். போகிற வழியில் பயத்தைப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று விசாரித்ததாகவும், அது தலையாட்டியதாகவும் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. சொல்லவில்லை.

நடை கூடியது. அடுத்த தெருக்காரர்கள் வந்தார்கள். முட்டை வியாபாரி சைக்கிளோடு போனார். தடம் அகலமானதும் மினிபஸ் விட்டார்கள்.

ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் பரணிலிருந்து குக்கரை இறக்கினேன். வாஷர் மாற்றி, சாயங்காலச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை போட்டு அடுப்பில் ஏற்றினேன். பிறகு மூன்று தட்டு வைத்தேன். குருநாதன் மூன்றாவது தட்டைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், உட்கார்ந்தான்.

விசில் அடித்தது.

அவன் கை சோற்றின் மேலேயே நின்றது. என் கணவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவன் பிடரிப் பக்கம் மினிபஸ் புறப்படுகிற சத்தம் கேட்டது. விசில் சொன்னதை ஏற்றிக்கொண்டு மெதுவாக வந்தது. வளைவில் கியர் மாற்றியது. ஒரு ஹாரன். நெற்றிக்கு வந்து நின்றது.

"கொண்டைக்கடலைக்கு ஒரு விசில் பத்தாதுக்கா," என்றான் குருநாதன். அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டான்.

நான் அவன் தட்டில் ரசம் ஊற்றினேன். அவன் புருவத்துக்குக் கொஞ்சம் மேலேயிருந்து கண்டக்டரின் குரல் வந்தது.

"படியில நிக்கிறவங்க கொஞ்சம் உள்ள வாங்க. உள்ள நிறைய எடம் கெடக்கு."