கொலுவில் நின்ற குதிரைப்படை

நாள் குறித்தவன் நான். அதனால் முதல் முட்டாளும் நான்தான். பஞ்சாங்கம் பார்த்துப் பல் தேய்க்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, திருவள்ளூர் கோர்ட்டில் என் மேஜைக்குப் பின்னால் தொங்கிய சர்க்கார் விடுமுறைப் பட்டியலைப் பார்த்து, 1970 அக்டோபர் இரண்டு என்று பதினொரு பேருக்குக் கார்டு எழுதிப் போட்டேன். காந்தி ஜெயந்தி, வெள்ளிக்கிழமை, எல்லாருக்கும் லீவு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பொம்மைச் சிப்பாய் சேர்க்கிறவர்கள் புள்ளலூரில் ஒருநாள் கூடுவது என்று ஏற்பாடு. ஒரு பத்திரிகையின் பேனா நண்பர் பகுதியில் இரண்டு வரி போட்டதற்குப் பதில் எழுதியவர்கள்தான் அந்தப் பதினொரு பேர். முப்பது வயசுக்கு மேல் பொம்மை வைத்து விளையாடுகிறவன் தான் ஒருத்தன்தான் என்று அவரவர் ஊரில் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த ஜாதி. புள்ளலூரில்தான் 1780இல் ஹைதர் அலியின் குதிரைப்படை கும்பினிக்காரனை மடக்கி நொறுக்கியது. இப்போது அங்கே நெல் வயலும், புளியமரமும், வெள்ளைக்காரக் கல்லறைத் தூண் இரண்டும்தான். அந்த மண்ணிலேயே சண்டையைப் பரப்பிப் பார்ப்பது என்று திட்டம்.

உண்மையில் அது எனக்கும் ஆசீர்வாதத்துக்கும் எட்டாம் வகுப்பில் போட்ட ஒப்பந்தம். சரித்திர வாத்தியார் புள்ளலூர்ச் சண்டையைச் சொன்ன அன்று, பெஞ்சுக்கு அடியில் கையைக் கிள்ளி, "நீ வெள்ளைக்காரன், நான் ஹைதரு, சரியா?" என்றான். என்னிடம் ஐம்பத்திரண்டு ஈயச் சிப்பாய்கள் இருந்தார்கள். சிவப்புக் கோட்டு, தோளில் துப்பாக்கி. ஊரை விட்டுப் போன ஒரு துரை வீட்டுச் சாமானில் அம்மாவுக்கு மூர் மார்க்கெட்டில் கிடைத்தவை. அவனிடம் ஒன்றும் இல்லை. ஏரி வண்டலில் குதிரை பிடித்துக் காயவைத்துக் கொண்டுவருவான். கால் ஒடிந்துபோகும். மறுநாள் வேறு பிடித்துக்கொண்டு வருவான்.

சண்டை எங்கள் வீட்டுக் கொல்லையில், வாழைமரத்தடியில் நடக்கும். பின்பக்கச் சந்து வழியாக வந்து படலைத் தட்டுவான். எங்கள் வாசல் இருக்கிற சன்னிதித் தெருப் பக்கம் அவன் காலடி வைத்ததில்லை. அவன் அப்பா எங்கள் தெருக்காரர்களின் நிலத்தில் கூலிக்கு உழுதவர். பள்ளிக்கூடத்தில் என் பெயரைச் சொல்லி எம்பாரு என்பான். கொல்லைக்கு வந்ததும், அப்பா காதில் விழப்போகிறதே என்று, சாமி. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அப்படிக் கூப்பிடாதே என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. இதையும் எழுதித்தானே ஆகவேண்டும்.

பெரியவனானதும் அவன் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். பழைய பேட்டரித் தகட்டு ஈயத்தை உருக்கி, மணலில் அச்சுக் கட்டி, ஒவ்வொன்றாக இருபத்துநான்கு குதிரைவீரர்களை வார்த்தான். பச்சைத் தலைப்பாகை, தூக்கிய கத்தி. முடிக்க ஆறு வருஷம் ஆயிற்று. முடித்த வருஷமே பிலாயில் உருக்காலை வேலை கிடைத்துவிட்டது. அக்டோபர் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை ரயில்.

"அதுக்குள்ள ஒரு தபா நேருக்கு நேரா நிக்க வெச்சிடணும் எம்பாரு. பொறவு யாரு எங்கயோ" என்றான். அவன் அதிகம் கேட்கிற ஆள் இல்லை. இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

செப்டம்பர் முப்பதாம் தேதி சாயங்காலம் கோர்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் ஏழு படி. வெள்ளை வேட்டி விரித்திருந்தது. உச்சியில் பெருமாளும் தாயாரும். கீழே தரையில் மணல் கொட்டி, கேழ்வரகு முளைவிட்ட பூங்கா. பூங்காவுக்கு முன்னால், நாலு வரிசையாக, என் ஐம்பத்திரண்டு சிப்பாய்களும் அணிவகுத்து நின்றார்கள்.

அன்றைக்கு மகாளய அமாவாசை. மறுநாள் நவராத்திரி. அம்மா இருந்தவரை வருஷா வருஷம் இதே இடத்தில் இதே சிப்பாய்களைத்தான் வைத்தாள். கொலுவுக்கென்றே வாங்கியவை, மிச்ச நாளில் நான் எடுத்து விளையாடினேன், அவ்வளவுதான். இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். விடுமுறைப் பட்டியலைப் பார்த்த அந்த நிமிஷம் மட்டும் தெரியாமல் போய்விட்டது.

"செங்கமலம், இவாளை எடுத்துக்கறேன். நாளன்னிக்கு வேணும்" என்று சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தேன்.

என் மனைவி செங்கமலவல்லி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படியில வெச்சாச்சு. தசமி வரைக்கும் ஒண்ணத் தொடக் கூடாது. உங்களுக்குத் தெரியாதா?"

"இது தரைதானே, படி இல்லையே."

"கோர்ட்டுல பேசற பேச்செல்லாம் இங்க வேண்டாம்."

கத்தினேன். கெஞ்சினேன். ஆசீர்வாதம் ஊரைவிட்டுப் போகிறான் என்று சொன்னேன். அதைக் கேட்டதும் கையிலிருந்த செப்பைக் கீழே வைத்தாள்.

"பொம்மையை வெளியில விடமாட்டேன். மனுஷா உள்ள வரதுக்கு இன்னா, நானா குறுக்க நிக்கறேன்?" என்றாள். கோபம் வந்தால் அவளுக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "எல்லாரையும் இங்க அழைச்சுண்டு வாங்கோ. அவர் குதிரையையும் கொண்டுவரட்டும். எதிர்ல வைக்க இடம் விடறேன்."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

அப்பா பெருமாள் கோயில் கைங்கர்யத்துக்குப் போயிருந்தார். ஸம்பத்குமாராச்சாரியார் என்றால் எங்கள் தெருவில் ஆசாரத்துக்கு மறுபெயர். பிராமணர் அல்லாத ஒருத்தர் நடையில் நின்று பேசிவிட்டுப் போனாலே மனுஷர் குளிக்கக் கிணற்றடிக்குப் போய்விடுவார். கோர்ட்டில் வக்கீல்களையே அதட்டுகிற குமாஸ்தா நான்; அவர் இருமினாலே எழுந்து நின்றுவிடுவேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

புள்ளலூருக்கு வருவதாக எழுதிய பதினொருவரில் வந்தவர்கள் இரண்டே பேர். வேலூரிலிருந்து ராஜமாணிக்கம், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், டிரங்குப் பெட்டி நிறைய இந்திய ஜவான்கள். பெரம்பூரிலிருந்து ரயில்வே பட்டறை சாலமோன், பிஸ்கோத்து டின்னில் பிளாஸ்டிக் மாலுமிகள். ஆசீர்வாதம் எங்களுக்கு முன்பே வந்து, கல்லறைத் தூணுக்குப் பக்கத்தில் வரப்போரம் ஒரு திட்டைப் பெருக்கிச் சமன் பண்ணி வைத்திருந்தான். துணியைப் பிரித்து இருபத்துநான்கு குதிரைகளையும் பிறைச்சந்திர வடிவில் நிறுத்தினான். வெயிலில் கத்திகள் பளபளத்தன. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"இன்னா எம்பாரு, உன் ஆளுங்க எங்க?"

சொன்னேன். கொலு, படி, தசமி, எல்லாம். என் மனைவி சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

ராஜமாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டார். "படையே இல்லாம படைத்தலைவரா? நல்ல ஆளுய்யா நீ!"

"உங்க ஜவானுங்களை நிக்க வெக்கலாமே சார்" என்றார் சாலமோன்.

"நம்ம ஜவானைத் தோக்க வெக்கறதுக்கா? நடக்காது!" என்று பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆசீர்வாதம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன். எதிரே காலியாகக் கிடந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிவந்த புளிசாதத்தை நாலு பேரும் தின்றோம். சாலமோன் மாலுமிகளைக் காட்டினார், ராஜமாணிக்கம் பட்டாளக் கதை சொன்னார், பொழுது போயிற்று. அப்புறம் அவன் குதிரைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுருட்ட ஆரம்பித்தான். ஒன்றின் குளம்பில் ஒட்டிய மண்ணை ஊதிவிட்டு, "பரவால்ல வுடு. உன் மேல இன்னா தப்பு" என்றான்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. தப்பு முழுக்க என்னுடையது. சட்டைப்பையில் சாவியை வைத்துக்கொண்டு பூட்டைக் காட்டி அழுகிறவன் நான்.

"என் வீட்டுக்கு வா. எல்லாருமே வாங்கோ. கொலுவுக்கு எதிர்ல வைப்போம். செங்கமலம் கூப்பிட்டா. முந்தாநாளே கூப்பிட்டா" என்று கத்தியேவிட்டேன்.

அவன் கை நின்றது. "முந்தாநாளேவா?" என்றான். இரண்டு நாளாக யாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று புரிந்துகொண்டான். ஒரு கைப்பிடி புள்ளலூர் மண்ணை அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தான்.

சன்னிதித் தெரு முனைக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். ராஜமாணிக்கமும் சாலமோனும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். ஆசீர்வாதம் மட்டும் வாசற்படியில் நின்றான்.

"இந்தப் பக்கமா வழி தெரியாதே எம்பாரு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

செங்கமலம் சொன்னபடியே இடம் விட்டிருந்தாள். அவன் மண்ணைத் தூவி, அதன் மேல் குதிரைகளை நிறுத்தினான். இந்தப் பக்கம் நாலு வரிசைச் சிவப்புக் கோட்டு, அந்தப் பக்கம் பிறைச்சந்திரமாகப் பச்சைத் தலைப்பாகை. ராஜமாணிக்கம் முழங்காலிட்டு எது எங்கே இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். இருபது வருஷம் கழித்து இரண்டு படையும் நேருக்கு நேர் நின்றன. ஆசீர்வாதம் தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து, குதிரையின் கண் மட்டத்திலிருந்து பார்த்தான். "டேய், பயமா கீதுடா" என்றான். அந்த நிமிஷம் எங்களுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட இல்லை. இதைச் செங்கமலத்திடமும் சொல்லியிருக்கிறேன்.

அப்போது அப்பா வந்தார். ஆசீர்வாதம் சட்டென்று எழுந்து கைகட்டி, "சாமி" என்றான். அப்பா அவனைப் பார்த்தார், படைகளைப் பார்த்தார், உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. ஒரு வாளி, இரண்டு வாளி, மூன்று வாளி. எதற்கு அந்தக் குளியல் என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஆசீர்வாதம் துணியை எடுத்து உதறினான். "நேரமாச்சு. குதிரைங்கள எடுத்துக்கறேம்மா."

"கொலுவுல வெச்சதை எடுக்கக் கூடாது. தசமி ஆகணும்" என்றாள் செங்கமலம். சுண்டல் பொட்டலத்தை அவன் கையில் வைத்தாள்.

"நான் திங்கக்கெழம போறனேம்மா."

"கிறிஸ்மஸுக்கு வருவேளோல்லியோ? வந்து எடுத்துக்கோங்கோ."

தசமி வரை தினமும் சாயங்காலம் செங்கமலம் ஆரத்தி எடுத்தாள். அப்பா கைகூப்பிக் கொலுவைச் சேவித்தார். குதிரைகளும் அதில்தான் நின்றன. குதிரையைச் சேவித்தார், குதிரை செய்தவனுக்காகக் குளித்தார். மூன்றாம் நாள் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். என் ஜன்மத்தில் அவரிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அன்று ராத்திரி அவர் பலகாரம் சாப்பிடவில்லை.

கிறிஸ்மஸுக்கு மறுநாள், சனிக்கிழமை காலை, கொல்லைப் படலை யாரோ தட்டினார்கள். எனக்குத் தெரிந்த தட்டு. நான் எழுவதற்குள் செங்கமலம் போய்விட்டாள். அவள் குரல் கேட்டது.

"குதிரை வாசல் வழியாத்தானே வந்தது? வாசல் வழியாத்தான் போகும். சுத்திண்டு வாங்கோ."

சந்து வழியாகச் சுற்றிச் சன்னிதித் தெருவுக்கு வர எட்டு நிமிஷம் ஆகும். அப்பா வாசல் பக்கத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். அவன் திரும்பிப் போய்விடுவானோ என்று எனக்குப் பயம். வாசற்படியில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அப்பா ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார்.

"ஆசீர்வாதமா? உள்ள வா. உன் குதிரையெல்லாம் பத்திரமா இருக்கு."

அவன் உள்ளே வந்தான். செங்கமலம் பெட்டியைத் திறந்தாள். ஐம்பத்திரண்டும் இருபத்துநான்கும் வைக்கோலில் கலந்து கிடந்தன. அவன் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

"ஒரு பக்கம் மட்டும் எடுத்துக்கினு போயி நான் இன்னா பண்றது? இங்கியே கெடக்கட்டும். வருசா வருசம் வெச்சிடுங்கம்மா" என்றான்.

ஒன்பது வருஷமாக வைக்கிறோம். கொலுவுக்கு வருஷம் ஒரு புதுப் பொம்மை வேண்டுமென்று பிலாயிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு குதிரை பார்சலில் வருகிறது. அப்பா போய் நாலு வருஷமாகிறது.

அந்தச் சனிக்கிழமை ஆசீர்வாதம் காபி குடித்துவிட்டு வாசல் வழியாகவே போனான். நான் கூடத்துத் தூணில் சாய்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு, மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். கிணற்று ராட்டினம் சத்தமே போடவில்லை.