வாயில சீண்டி

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் கொலு வைக்கிற வீடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூட்டம் சேர்வது ரோஹிணியின் வீட்டில்தான். அங்கே பொம்மைகளோடு ஆத்தாவும் வருவாள் என்று பேச்சு. போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் ரோஹிணி மேல் வந்தவள் இந்த வருஷம் மட்டும் வராமல் போவாளா?

மாமியார் மங்களத்துக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. லால்குடியிலிருந்து கணவரின் உத்தியோகத்தோடு டெல்லிக்கு வந்தவள், இத்தனை காலமும் சமயபுரத்தாளை நினைத்தே உருகியவள். "அம்புட்டுத் தூரத்துலேருந்து என் மருமவளைத் தேடி வர்றா பாருங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மகன் சுந்தரேஷ் மத்திய அரசில் குமாஸ்தா. ஆபீசில் மேலதிகாரி, வீட்டில் அம்மா. இரண்டு இடத்திலும் அவனுக்குத் தலையாட்டத்தான் தெரியும்.

வருகிறவள் எப்படிப்பட்டவள் என்று ரோஹிணி ஒருத்திக்குத்தான் தெரியும். முதலில் உதட்டு நுனியில் ஊசி குத்தும். பிறகு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும். தொண்டையை யாரோ உள்ளே இருந்துகொண்டு மெல்ல இறுக்குவார்கள். குரல் கட்டையாகி, அவளுக்கே அது வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்கும். கடைசியில் வருவதுதான் கொடுமை. இதோ சாகப்போகிறோம் என்ற நிச்சயம் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். போன வருஷம் அந்தப் பயத்தில் அவள், "போறேன்... நான் போறேன்" என்று அரற்றினாள். கூடியிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எங்க தாயே போற? இரு, கற்பூரம் காட்டுறோம்" என்றார்கள். ஒருத்தி தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்றுகூடக் கேட்டாள். வாந்தியெடுத்து மயங்கி விழுந்த பிறகு, ஆத்தா மலையேறிவிட்டாள் என்று சொல்லிச் சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

அடுத்த முறை தான் எழுந்திருக்கப் போவதில்லை என்று ரோஹிணிக்குத் தோன்றிவிட்டது. ஆத்தாவுக்குத் தன்மேல் என்ன கோபமோ, பட்டினி கிடந்தாலாவது மனம் இரங்குவாள் என்று, அஷ்டமியன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. எதிர் வீட்டு கம்லேஷ் ஆன்ட்டி, வருஷா வருஷம் செய்கிற மாதிரி, தட்டு நிறைய விரதப் பூரி கொண்டுவந்து வைத்தாள். விரத நாளில் கோதுமை ஆகாது என்பதால் குட்டு என்கிற மாவில் சுடுவது. முன்பெல்லாம் நின்ற வாக்கிலேயே அதைத் தின்று தீர்க்கிற ரோஹிணி, இன்றைக்குத் தட்டை மூடிச் சமையலறையில் வைத்தாள்.

சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. ஒருத்தி பாடினாள். பாட்டு முடிந்ததும் யாரோ டியூப்லைட்டை அணைத்தார்கள். குத்துவிளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கண்ணும் ரோஹிணியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளும் நாக்கால் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஊசி குத்தவில்லை. நேரம்தான் போனது.

"இன்னும் வரலையே" என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு.

மங்களத்தின் முகம் சுருங்கியது. "வராம இருக்க மாட்டா. இந்த வாட்டி யார் மேல வரப் போறாளோ."

அப்போதுதான் ரோஹிணியின் ஐந்து வயது மகள் இந்துஜா, சமையலறையிலிருந்து வாயைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, வாயில சீண்டி."

டெல்லியில் பிறந்த பிள்ளை. எறும்பு என்ற சொல் அவளிடம் கிடையாது, ஹிந்தியில் சீண்டிதான். வாய்க்குள் எறும்பு ஊர்கிறது என்று சொல்ல வந்தாள். மங்களத்தின் காதில் அது தமிழாகவே விழுந்தது.

"என்னது, சீண்டியா? யாரு தாயே உன்னைச் சீண்டுனது?"

"நிறைய சீண்டி, அப்பாயி" என்று குழந்தை இருமியது. குரல் கரகரத்துக் கிழவியின் குரலாக இருந்தது.

மங்களத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "கேட்டீங்களா? ஆத்தாளை யாரோ சீண்டிட்டாங்களாம்! புள்ளை மேல எறங்கிட்டாடீ!"

மொத்தக் கூட்டமும் எழுந்து கைகூப்பியது. குழந்தையைச் சுற்றி வளையமாக நின்றார்கள். சுந்தரேஷும் பெற்ற மகளுக்கு முன்னால் கண் கலங்கக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். இந்துஜா உள்ளங்கையைப் பரக் பரக்கென்று சொறிந்தாள். கழுத்தில் தடிப்புகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

ரோஹிணி வளையத்தை நோக்கி நகர்ந்தாள். உள்ளேயிருந்து தெரிந்ததையெல்லாம் இப்போதுதான் வெளியே நின்று பார்க்கிறாள். அதே உதடு, அதே உள்ளங்கை, அதே குரல். குழந்தையின் கையில் பாதி கடித்த பூரி இருந்தது. ஏப்ரலில் வடக்கத்தியர் கொண்டாடுகிற நவராத்திரிக்கும் கம்லேஷ் ஆன்ட்டி இதே பூரி கொடுத்தாள். அன்றைக்கு அதைத் தின்றது இந்துஜா மட்டும்தான்; அவளுக்கு வாயைச் சுற்றித் தடித்தபோது மங்களம் வேப்பிலை அரைத்துப் பூசினாள். ரோஹிணிக்கும் பூரி தின்ற நாளில்தான் எல்லாம் வந்தது. இன்று தின்னவில்லை, வரவில்லை. குட்டு மாவின் குட்டு அந்த நிமிஷம் அவளுக்கு வெளிப்பட்டுவிட்டது.

"அத்தை, இது ஆத்தா இல்ல. பூரி ஒத்துக்கல. எனக்கும் அதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்."

"வாயைக் கழுவுடி! அவ ஏறியிருக்கிற உடம்பைத் தொடாத" என்று மங்களம் குறுக்கே நின்றாள். "இந்தா, மஞ்சத் தண்ணி கொடுங்க."

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்க!"

சுந்தரேஷ் தலையைக் குனிந்துகொண்டான். வளையத்துக்குள்ளிருந்து குழந்தை, "அம்மா, பயமா இருக்கு" என்றது. அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்த ஹாலில் ரோஹிணிக்கு மட்டும்தான் தெரியும். குழந்தையின் மூச்சு விசில் அடித்தது.

கெஞ்சி ஆகப்போவதில்லை. இவர்கள் யாருக்குப் பயப்படுவார்களோ, அவளாகவே ஆகிவிடுவது என்று முடிவு செய்தாள். தலைமுடியை அவிழ்த்து உதறினாள். நடிக்கத்தான் வாயைத் திறந்தாள்.

"டேய் சுந்தரேஷா! வண்டியை எடுடா!"

கொலுப்படியில் பொம்மைகள் அதிர்ந்தன. அடித்தொண்டையிலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டுக் கூட்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"என் புள்ளையை நடுவுல நிறுத்தி வச்சுக் கொல்லப் பாக்குறீங்களா? வழியை விடுங்கடி!"

மங்களம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். அவளைத் தாண்டிப் போய் ரோஹிணி குழந்தையை அள்ளிக்கொண்டாள். சுந்தரேஷ் செருப்புகூடப் போடாமல் காருக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் மூச்சு சீரானது, உதடு வற்றியது. ரோஹிணி தனக்கு வந்ததையும் சொல்லக் கேட்டு, டாக்டர் பெண்மணி ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள்: வாயில் எறும்பு ஊர்வது, அரிப்பு, தடிப்பு, வாந்தி எல்லாம் ஒன்றுதான். உள்ளே தொண்டை வீங்குவதால்தான் குரல் மாறுகிறது. சாகப்போகிறோம் என்கிற பயம்கூட நோயின் அறிகுறிதான். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் குழந்தை பிழைத்திருக்காது. நீங்களும் இனி அந்த மாவைத் தொடாதீர்கள், பரிசோதனைக்கு வாருங்கள்.

பயம்கூட நோய்தான் என்று கேட்டதும் ரோஹிணி பொங்கிப் பொங்கி அழுதாள். தனக்குப் பைத்தியம் இல்லை, சாபமும் இல்லை என்று ஒருவராவது சொன்னார்களே.

ஆட்டோ பிடித்து மங்களம் வந்து சேர்ந்தாள். மகன் எல்லாவற்றையும் சொல்லக் கேட்டவள், தூங்குகிற பேத்தியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ரெண்டு வருசமா நான் கும்பிட்டது பூரியவா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிரும்மா. புள்ளையக் கொன்னுருப்பேன்."

"விடுங்க அத்தை."

"தொண்டை வீங்குனாத்தான் கொரல் மாறும்னு டாக்டரம்மா சொன்னாங்களாமே."

"ஆமா."

மங்களம் மருமகளை ஏறிட்டுப் பார்த்தாள். பார்த்தபடியே ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"நீதான் காலையிலேருந்து ஒண்ணுமே திங்கலையேம்மா."

நடித்தேன் என்று சொல்லத்தான் ரோஹிணி நினைத்தாள். வண்டியை எடு என்று சொன்னது நினைவிருந்தது. அதற்குப் பிறகு என்ன சொன்னாள் என்று யோசித்தால், குழந்தையோடு காரில் உட்கார்ந்திருந்ததுதான் நினைவுக்கு வந்தது. உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஊசி குத்தவில்லை, எறும்பும் ஊரவில்லை.