அம்மாவின் தலைக்கு மேலே தொங்கிய மைக்

புப்யொங் ஊர்ச் சபையில் ஜெபம் என்றால் முணுமுணுப்பு அல்ல. போதகர் "ஆண்டவரே!" என்று மூன்று முறை குரல் கொடுப்பார். உடனே அறுநூறு பேரும் கண்ணை மூடி, அவரவர் குறையை வாய்விட்டுக் கதறுவார்கள். அந்த இரைச்சலில் பக்கத்து ஆள் சொல்வது யாருக்கும் கேட்காது. அதனால்தான் மனதில் கிடப்பதையெல்லாம் கூச்சமில்லாமல் கொட்ட முடிகிறது.

மேல்மாடி ஒளிபரப்பு அறையில் இருக்கும் ஹன்சோல், மூன்றாவது "ஆண்டவரே" வருவதற்குள் பாடகர் குழுவுக்கு மேலே தொங்கும் மைக்குகளின் ஒலியை அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒருவருடைய அந்தரங்கம் அப்படியே நேரலையில் போய்விடும். நாலு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அவள் அதை மறந்ததில்லை. மறந்தது அன்றைக்குத்தான். அன்று மதியம் மூப்பர்கள் கூடி, தற்காலிகமாக இருந்த அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். புத்தி அங்கேதான் இருந்தது.

மைக்கில் மாட்டியது யார்? இரண்டாம் வரிசையில் நின்ற அவள் அம்மா ஓக்ரான்.

"ஆண்டவரே, எம்பொண்ணுக்கு அந்த வேலை கிடைக்கவே கூடாது! முப்பத்தொண்ணு வயசாச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா போதும், இருட்டு ரூமுக்குள்ள போய் அடைஞ்சிக்கிறா. ஒரு நாளாவது எம்பக்கத்துல உக்காந்து கும்பிட்டிருக்காளா? பேசாம அரசாங்கப் பரீட்சை எழுதட்டும்!"

ஹன்சோலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் "உன் இஷ்டம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாத அம்மா! திரையின் ஓரத்தில் நேரலை பார்ப்பவர்கள் வரிசையாக "ஆமென்" போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வேலை போவதற்கு இருநூறு பேர் ஆமென். பதறிப்போய் மைக்கை அடைத்தாள்.

நேரலையில் சத்தம் நின்றது. மைக்குகளைத் தனியாகக் கேட்க அவள் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் மட்டும் நிற்கவில்லை.

"ஊரே கண்ண மூடுறப்ப அவ ஒருத்தி கண்ணத் தொறந்து வெச்சிருக்கா. அதத் தப்பா எடுத்துக்காதீங்க ஆண்டவரே. அவ பங்கையும் சேத்து நான் ஜெபிக்கிறேன். என் ஜெபத்த ரெண்டு ஆளு ஜெபமா வெச்சுக்கங்க."

ஹன்சோல் அழுதாள். அழுதுகொண்டே அடுத்த பாட்டின் வரிகளைத் திரையில் ஏற்றினாள்.

மதியக் கூட்டத்தில் மா என்ற மூப்பர், நேரலையில் போன ஜெபத்தைப் பற்றியே எடுத்த எடுப்பில் கேட்டார். "என்னம்மா, பெத்தவளே வேணாங்கறா. இதுக்கு மேல நாங்க என்னத்தப் பேச?"

"தப்பு என்னுதுதான் ஐயா. மைக்க அடைக்க மறந்துட்டேன். அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

"அம்மா பேச்சக் கேட்டு போயிடுறியா?"

"போகமாட்டேன் ஐயா. படுக்கைய விட்டு எந்திரிக்க முடியாதவங்களுக்கு இந்தத் திரைதான் சபை. எனக்கு இந்த வேலைதான் வேணும். ஆனா மாசத்துல ஒரு ஞாயிறு வேற யாராவது மேல உக்காரட்டும். நான் கீழ உக்காந்து கும்பிடணும்."

இத்தனை வருடத்தில் அந்தப் பெண் எப்போது ஆராதித்தாள் என்று அந்த மேசையில் இருந்த ஒருவருக்கும் தோன்றியதில்லை. வெட்கக்கேடுதான். வேலையையும் கொடுத்தார்கள், ஞாயிறையும் கொடுத்தார்கள்.

ஹெட்போனில் கேட்டதை ஹன்சோல் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும்கூட.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. ஓக்ரான் பாடகர் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் ஜெபம் நேரலையில் போய்ப் பட்ட சூடு மறக்குமா? போதகர் மூன்றாவது முறை குரல் கொடுத்த பிறகும் வாயைத் திறக்காமல் கூரையைப் பார்த்தாள்.

"மைக்க அடைச்சிட்டாங்களாடி?"

"அடைச்சிட்டாங்கம்மா. இங்க மைக்கே கிடையாது."

"அப்ப கண்ண மூடு." மகள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள் ஓக்ரான். "இன்னிக்கு உன் பங்க நீயே ஜெபிச்சிக்கோ."